யானை மார்க் ஓட்ஸ்

காஜா பெராங் சாலையில் கருணாகரன் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், மலாக்காவில் ஓட்ஸ் என்றால் அது கோட்டை மார்க் டின்தான். சீமையிலிருந்து கப்பலில் வரும். டின்னின் மேல் ஒரு பழைய கோட்டை, கோட்டையைச் சுற்றி அகழி, அகழியில் அன்னங்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். கரண்டிக் காம்பால் அதைக் குத்தினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். வெள்ளைக்காரத் துரைமார் வீட்டிலும், கவர்மெண்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டிலும் காலையில் பசியாறுவதற்கு அதுதான். மற்ற வீடுகளில் யாராவது நோயில் விழுந்தால் வாங்குவார்கள். டின் தீர்ந்த பிறகு கழுவி, சீனி போட்டு வைத்துக்கொள்வார்கள்.

கருணாகரனுக்கு அந்த டின்னின் மேல் வெகுநாளாக ஒரு கண். விலையில் பாதி தகரத்துக்கும் படத்துக்கும் போகிறது என்பது அவன் கட்சி. ஆற்றோரத்தில் மொத்த வியாபாரம் செய்த சீன முதலாளியான தவுக்கேயிடம் ஆஸ்திரேலியாவிலிருந்து சாக்குச் சாக்காக ஓட்ஸ் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கி, பொட்டலம் கட்டி, தன் கடையின் சொந்த மார்க் போட்டுப் பாதி விலைக்கு விற்றால் என்ன என்று யோசித்தான். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த நேரம். எதையாவது சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற துடிப்பு எல்லாருக்கும் இருந்தது; அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

என்ன பெயர் வைப்பது என்று அவன் குழம்பிக்கொண்டிருந்தபோது, மனைவி மீனாச்சிதான் சொன்னாள்.

"இந்த ரோட்டு பேரே காஜா. ஆனை போடுங்க லா."

மலாயில் கோபக்கார யானை என்று பெயர் கொண்ட அந்தச் சாலைக்கு, அச்சகத்துக்காரன் வரைந்து கொடுத்த யானை கொஞ்சமும் பொருந்தவில்லை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தது. மீனாச்சிக்கு அது பிடித்துப் போயிற்று.

மீனாச்சி பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்பத்துப் பெண். பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளுக்குக் கோயிலும் திருநீறும் பொங்கலும் எல்லாம் உண்டு. வாயைத் திறந்தால் மட்டும் மலாய்தான் வரும். தமிழ் பேசத் தெரியாத பெண்ணையா கட்டிக்கொண்டு வருகிறாய் என்று குருபோங்கில் இருந்த அவன் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பழகினாள். அதனால் அவளுடைய தமிழ் கடைத் தமிழ். வேணுமா, எவ்ளோ, அது நல்லா இல்ல, இது எடுங்க. மனதில் இருப்பதையும் அவள் அந்தச் சொற்களை வைத்துத்தான் சொல்லியாக வேண்டியிருந்தது. பிள்ளை இல்லாத வீடு. சாயங்காலங்களில் இருவரும் பின்கட்டில் உட்கார்ந்து, பழுப்புக் காகிதத்தில் ஓட்ஸை அளந்து கொட்டி, கோதுமைப் பசை தடவி ஒட்டுவார்கள். யானையை ஒட்டுவது அவள் வேலை. கோணலாக ஒட்டிய யானையைப் பிரித்து மறுபடி ஒட்டுவாள்.

முதலில் யாரும் சீந்தவில்லை. சாக்கு ஓட்ஸ் குதிரைக்குப் போடுவது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் கருணாகரனுக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு மேசையைப் போட்டான். ஒரு மங்குக் கிண்ணத்தில் கோட்டை, இன்னொன்றில் யானை. ஒரே அடுப்பு, ஒரே டின் பால், ஒரே சீனி. எது எது என்று மீனாச்சிக்கு மட்டும் தெரியும். வந்தவர்கள் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பள்ளி வாத்தியார் தியாகு, தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று முன்னால் வந்தார். இரண்டையும் வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் கோட்டை. இந்த வழவழப்பு உங்க சாக்கு ஓட்ஸுக்கு வருமா?"

மீனாச்சி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அது யானை.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஆஸ்திரேலியாவுல வெளஞ்சத நம்ம சரக்குன்னு விக்கிறீங்களே, அது ஞாயமா?" என்றார்.

"காகிதம் நம்மளுது வாத்தியாரே," என்றான் கருணாகரன்.

அன்றைக்கே வாத்தியாரும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல முடியாது. கோட்டையின் செதில் மெல்லியது. பால் கொதித்ததும் கரைந்துவிடும். யானை தடித்த செதில்; முதல் நாளே ஊறவைக்காவிட்டால் பல்லில் மாட்டும். மீனாச்சி ஊறவைத்துத்தான் காய்ச்சினாள். அதோடு, தேங்காய்ப் பாலும் மலாக்கா வெல்லமும் விட்டு அவள் வீட்டு வழக்கப்படி கிண்டினால், யானை கரையாமல் முழித்துக்கொண்டு நிற்கும், கோட்டை பசையாகிவிடும். கடைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அதை அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சில மாதங்களில் யானை மார்க் பொட்டலம் குருபோங்குக்கும் உஜோங் பாசிருக்கும் சைக்கிளில் போக ஆரம்பித்தது. "டின் இல்ல, கோட்டை இல்ல, பவுசு இல்ல. உள்ள இருக்கிறது ஒண்ணுதான்" என்று கருணாகரன் எல்லாரிடமும் சொன்னான். சொல்லிச் சொல்லி அவனே அதை முழுசாக நம்பினான்.

மழை பிடித்தால்தான் வினை. காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் காகிதம் என்ன செய்யும்? பொட்டலங்கள் நமத்துப்போய் வயிறு உப்பி நிற்கும். பிரித்தால் ஒரு புழுக்க வாடை. செதில்களுக்கு நடுவில் சிறிய பழுப்பு வண்டுகள் ஊரும். கோட்டை டின்னுக்குள் இந்த வம்பே கிடையாது. கருணாகரன் பழைய பொட்டலங்களைப் பிரித்து, சல்லடையில் சலித்து, வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் பாயில் கொட்டிக் காயவைத்து, புதுக் காகிதத்தில் திரும்பக் கட்டினான். மீனாச்சிக்கு அது ஒப்பவில்லை.

"இது நல்லா இல்ல, அபாங்," என்றாள். கணவனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அரிசியில வண்டு இல்லியா? களைஞ்சு திங்கலியா? கொதிக்க வச்சா எல்லாம் போயிரும்."

அவள் சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நடுவில் மீனாச்சிக்குச் சாப்பாடு செல்லாமல் போயிற்று. முதலில் வாயுத் தொல்லை என்று நினைத்தார்கள். பிறகு சோறு தொண்டையைத் தாண்டியதும் வலிக்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வயிற்றில் கட்டி இருக்கிறது, பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை என்று கருணாகரனைத் தனியாக அழைத்துச் சொன்னார். கஞ்சி மாதிரி இளக்கமாகக் கொடுங்கள், ஓட்ஸ் நல்லது என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். கஞ்சி விஷயத்தை மட்டும் மீனாச்சியிடம் சொன்னான். "கடையில ஓட்ஸ் நெறைய இருக்கு, நல்லதாப் போச்சி," என்றாள் அவள்.

சுதந்திர நாளன்று அவளைத் தூக்கி வந்து கடை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தான். தூக்கும்போதுதான் அவள் எவ்வளவு கரைந்துவிட்டாள் என்று தெரிந்தது. கொடி கட்டிய லாரிகள் போயின. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் எல்லாருக்கும் கையசைத்தாள். யானைப் பொட்டலம் அன்றைக்கு விற்றதுபோல் என்றைக்கும் விற்றதில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் அவளுக்காகக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, நுரையோடு ஒரு வண்டு மேலே வந்தது. கரண்டியால் எடுத்து எறிந்தான். இன்னொன்று வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளும் எல்லாருக்கும் சொன்ன சமாதானம் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். துரைமார் சாமான் வாங்கும் கடையில் நின்று ஒரு கோட்டை டின் கேட்டான். அங்கே வேலை பார்த்த தமிழ்ப் பையனுக்கு அவனைத் தெரியும். ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் டின்னைப் பின்கட்டில் அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் மறைத்து வைத்தான். வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து யானைப் பொட்டலத்தில் போட்டு, அவள் கண்ணெதிரே அந்தப் பொட்டலத்திலிருந்து அள்ளிக் காய்ச்சினான். சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து அவள் ஒட்டிய யானை. அது உனக்கு ஆகாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் ஒரு வாய் விழுங்கினாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கிண்ணத்தை முடித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் ஒரு கிண்ணத்தை முடித்தது அன்றைக்குத்தான். அவன் சந்தோஷத்தில் கடைக்குப் போய், வந்தவர்களிடமெல்லாம் வலியப் பேசினான்.

அஞ்சலை என்று ஒரு பெண். பாசாரில் கூட்டிப் பெருக்குகிற வேலை. புருஷன் எங்கோ போய்விட்டான். சீதா என்று நடை பழகாத மகள் ஒருத்தி. பிள்ளைக்கு ரொம்ப நாளாக வயிற்றுப்போக்கு. இடுப்பில் துணிபோலத் தொங்கும். அந்த மழை நாட்களில் ஒரு நாள் அஞ்சலை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"அண்ணே, யானை ஒண்ணு குடுங்க. டாக்டரு இன்னும் கஞ்சிதான் ஊத்தச் சொல்றாரு."

கருணாகரன் எடுத்து வைத்தான். அவள் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

"போன தடவை ஒரு மாதிரி வாடை அடிச்சதுண்ணே. புள்ள வாய மூடிக்கிட்டா. பழசு ஏதும் கலந்துருச்சோ?"

"மழைக்கு அப்படித்தாம்மா இருக்கும். நல்லா கொதிக்க வச்சுப் பாரு."

திரைக்குப் பின்னால், பின்கட்டுக் கட்டிலிலிருந்து மீனாச்சியின் குரல் வந்தது. "அஞ்சலை. உள்ள வா."

அஞ்சலை பிள்ளையோடு உள்ளே போனாள். கருணாகரனும் பின்னால் போனான். மீனாச்சி தலையணையில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில், காலையில் அவள் குடித்த கிண்ணம்.

"அது எடுக்காத. புள்ளைக்கு ஆகாது," என்றாள். பிறகு கணவனிடம், "அபாங், அந்த டின் எடுத்து குடுங்க."

"எந்த டின்?"

"அரிசி பீப்பா பின்னால."

அவன் பீப்பாயைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். கடைசியில் குனிந்து டின்னை எடுத்து அஞ்சலையிடம் நீட்டினான். அஞ்சலை டின்னில் இருந்த கோட்டையைப் பார்த்தாள். ஸ்டூலில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அக்காவுக்கு இதத்தான் குடுக்குறீங்களாண்ணே?"

அவன் ஸ்டூலில் இருந்த கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"உள்ள இருக்கிறது ஒண்ணுதான்னு சொன்னீங்களே."

அதை அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தான். அஞ்சலை டின்னை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிள்ளை டின்னில் நீந்திய அன்னத்தைத் தொடக் கையை நீட்டியது. வாங்கிக்கொண்டாள். போகும்போது யானைப் பொட்டலத்தைக் கடை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு மழையில் இறங்கினாள்.

கருணாகரன் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. வாசம் வேற. ஊறவைக்காமலே கரைஞ்சிச்சி. நீங்க பீப்பா பின்னால குனியிறதும் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் சொல்லைத் தேடினாள். அவளுக்குத் தமிழில் அது எளிதாக வரவில்லை. "நல்லா இருந்திச்சி, அபாங். பசிச்சிச்சி. அஞ்சலை புள்ள என்ன குடிக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குடிச்சேன். தெனமும் குடிச்சேன்."

"நீ நோயாளி, மீனா."

"அந்த புள்ளையும் நோயாளி."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பசை தடவித் தடவி விரல் நுனிகள் எப்போதும் சொரசொரப்பாக இருக்கும் கை. இப்போது வேலை இல்லாமல் அது மெத்தென்று ஆகியிருந்தது. அது அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கடையில் இருந்த யானைப் பொட்டலங்களை எல்லாம் சாக்கில் திரும்பக் கட்டினான். உஜோங் பாசிரில் வாத்து வளர்த்த ஒருவர் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். கேட்டவர்களுக்குச் சரக்கு இல்லை என்றான். தியாகு வாத்தியார், புதுச் சாக்கு எப்போது வரும் என்று விடாமல் கேட்டபோது, வண்டு, சல்லடை, பாய் எல்லாவற்றையும் சொன்னான்.  "எங்கம்மா ஆறு மாசமா அதத்தானே குடிச்சாங்க," என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். விஷயம் சாலை முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. ஓட்ஸோடு நிற்கவில்லை, அரிசிக்கும் பருப்புக்கும் வந்துகொண்டிருந்தவர்களும் அடுத்த கடைக்கு நடந்தார்கள். கருணாகரன் யாரையும் குறை சொல்லவில்லை.

மீனாச்சிக்கு இன்னொரு கோட்டை டின் வாங்கி வந்தான். இந்த முறை மறைக்கவில்லை. அவள் சில நாள் குடித்தாள். அப்புறம் அதுவும் இறங்கவில்லை. கடைசியில் எந்த மார்க்கும் அவள் தொண்டையைத் தாண்டவில்லை. துணியில் நனைத்த தண்ணீர் மட்டும்தான். அவளுடைய தமிழும் அவளை விட்டுப் போயிற்று. மலாயில், அதுவும் சின்ன வயதில் பேசிய கம்பத்து மலாயில் ஏதேதோ முனகினாள். பாதி அவனுக்கு விளங்கவில்லை. அவளுடைய அண்ணன் வேலாயுதம் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறாள் என்று கருணாகரன் கேட்டான். "வீட்டுக்குப் போகலாம்ங்கிறா," என்றார் வேலாயுதம். எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை. தீபாவளி கழிந்த கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், அவள் போய்விட்டாள்.

இழவுக்கு வந்தவர்களில் அஞ்சலை இல்லை. பிறகு ஒருநாள் பாசாரில் அவளைப் பார்த்தான். சீதா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒல்லிதான், ஆனால் நின்றிருந்தாள். கருணாகரன் ஓரடி முன்னால் வைத்தான். அஞ்சலை விளக்குமாற்றை ஓரமாகச் சாத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மீன் கடைகளுக்கு நடுவே போய்விட்டாள். அவன் எதற்காக வந்தானோ அதை வாங்காமலே திரும்பினான்.

தை பிறப்பதற்கு முந்தின நாள் வேலாயுதம் கடைக்கு வந்தார். செட்டிகள் அன்றைக்குச் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். "இந்த வருஷம் அவளுக்கும் சேர்த்து. நீங்க வரணும்," என்று மலாயில் சொன்னார். கருணாகரன் கடையைச் சாத்திவிட்டு அவரோடு நடந்தான்.

கம்பத்து வீட்டின் நடுக்கூடத்தில் வாழையிலைகள் வரிசையாக விரித்திருந்தன. ஒவ்வொன்றும் ஒருவருக்கு. ஓரத்தில் புதிதாக ஓர் இலை. அதில் தேங்காய்ப் பால் சோறு, புளியில் வேகவைத்த மீன், மாங்காய்த் துண்டும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் போட்டு இடித்த சம்பல், நீல நிறத்தில் ஒரு பலகாரம், சுட்ட மரவள்ளிக்கிழங்கு. மீனாச்சியின் அம்மா ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். வைக்கும்போது மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். இது அவள் சின்னப் பிள்ளையில் திருடித் தின்றது, இதற்காகத் தம்பியோடு சண்டை போட்டாள் என்று வேலாயுதம் பக்கத்தில் நின்று தெரிந்த தமிழில் சொன்னார். கருணாகரன் இலையையே பார்த்தான். அந்த நீலப் பலகாரத்தை அவள் தின்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. கிழங்கையும் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் இது வேண்டும் என்று அவள் ஒன்றையும் கேட்டதில்லை, அவனும் விசாரித்ததில்லை.

சாம்பிராணிப் புகை கூடத்தில் நிறைந்தது. வேலாயுதம் அவன் கையில் ஊதுவத்தியைக் கொடுத்தார்.

"என்ன சொல்லணும்?" என்று கருணாகரன் மெதுவாகக் கேட்டான்.

"பேசுங்க. உங்களுக்கு வர்ற பாஷையில."

அவன் இலையின் முன்னால் மண்டியிட்டான்.  ஊதுவத்தியின் சாம்பல் நீண்டு அவன் கையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு எழுந்தான்.

செத்துப்போனவர்கள் வந்து உண்ணட்டும் என்று எல்லாரும் வெளியே போவது வழக்கம். கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. பிள்ளைகள் பசியில் நெளிந்தார்கள். அம்மாமார் அவர்களைத் தோளில் தட்டி அடக்கினார்கள். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலாயுதம் கதவில் கை வைத்துக் கருணாகரனைத் திரும்பிப் பார்த்தார்.

"திறக்கலாமா?"

"கொஞ்சம் பொறுங்க," என்றான் கருணாகரன். "அவ மெதுவாத்தான் சாப்பிடுவா."

வேலாயுதம் கையை எடுத்துக்கொண்டார்.